நயினாரின் கியர் லீவர்

நேமிசந்திர நயினாரைப் போல வண்டியை நேசித்தவர் ஆரணியில் யாருமில்லை. அவரைப் போல வண்டியைப் பாடாய்ப் படுத்தியவரும் யாருமில்லை. இரண்டையும் அவர் ஒரே காலைப்பொழுதில், ஒரே துணியைக் கையில் வைத்துக்கொண்டு செய்து முடிப்பார்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. நயினார் ஒரு ரைஸ் மில்லுக்கு நெல் பார்த்து வாங்கிக் கொடுக்கும் வேலையில் இருந்தார். பெரணமல்லூர்ப் பக்கத்துக் களங்களுக்குப் போய், நாலு நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார், உமியை ஊதுவார், அரிசியைக் கடித்துப் பார்ப்பார். அவ்வளவுதான் வேலை. ஆனால் களங்கள் ஒன்றுக்கொன்று தூரம். அதனால் வேலூரில் ஒரு தாசில்தார் ஆபீஸ்காரரிடமிருந்து பழைய ஜாவா ஒன்றை வாங்கியிருந்தார். கருஞ்சிவப்பு நிறம், இரண்டு சைலன்சர். அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குப் பூமியில் கால் படாது.

ஜாவாவில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற வண்டிகளில் கிக்கர் தனி, கியர் லீவர் தனி. ஜாவாவில் இரண்டும் ஒன்றேதான். இடது காலருகே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லீவரை எஞ்சின் பக்கமாக அழுத்தி மேலே தூக்கி நிறுத்தினால் அது கிக்கர். உதைத்து வண்டி கிளம்பியதும் பழையபடி முன்னால் மடக்கிவிட்டால், அது தானாக வெளியே வந்து கியரில் பூட்டிக்கொள்ளும். இப்படி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருக்கிற இரும்புக்கு வழுவழுப்பு வேண்டும் அல்லவா? அவ்வப்போது லீவரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, ஒரு விரல் கிரீஸ் தடவி மாட்டினால் போதும். ஜாவா வைத்திருந்த எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். நயினார் மட்டும் செய்யவில்லை.

கிரீஸ் என்பது மாட்டுக் கொழுப்பு என்று ஒரு கல்யாணப் பந்தியில் வந்தவாசிச் சம்பந்தி ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். சொன்னவர் தன் வாழ்நாளில் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. இருந்தாலும் நயினார் காதில் அது விழுந்துவிட்டது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்தும் விட்டது. ஊரே பட்டு நெய்கிறது; தெருவில் பாவு நூல் நீட்டியிருந்தால் அவரும் வண்டியை அணைத்து மரியாதையாக ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போகிறவர்தான். ஆனால் அவர் மனைவி சக்ரேஸ்வரி கழுத்தில் தாலி ஏறியது பருத்திப் புடவையில். ஒரு புடவைக்கு எத்தனை புழு வேகிறது என்று அந்த ஜைனக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் மாட்டுக் கொழுப்பைக் காலால் மிதித்துக்கொண்டு ஊர் சுற்றுவாரா?

மெக்கானிக் துரைக்கண்ணுவின் கொட்டகை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. கிரீஸில் மாடும் இல்லை ஆடும் இல்லை என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கு நிச்சயமாகத் தெரியுமா என்று நயினார் கேட்டார். தெரியாது என்றான் அவன். அதோடு பேச்சு முடிந்தது. பாவம், பொய் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நயினார் முதலில் நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். அது ரோட்டுப் புழுதியோடு கூடிக்கொண்டு அடை தட்டியது. விளக்கெண்ணெய் நன்றாகத்தான் உழைத்தது. ஒரு வாரம் அவர் நடையே மாறிப்போனது. அப்புறம் வெயிலில் காய்ந்து பிசினாகி லீவரைக் கவ்விக்கொண்டது. கடைசியில் ஒரு நாள், வீட்டில் உருக்கிய பசுநெய்யை ஒரு ஸ்பூன் எடுத்து, சாமிக்கு வார்ப்பதுபோல லீவரின் மூட்டில் வார்த்தார். லீவர் வெண்ணெயாக வழுக்கியது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பிள்ளையார் எறும்பு வரிசை வரிசையாக அதில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அவர் என்ன செய்வார்? ஒரு உதை உதைத்தால் உள்ளே போயிருக்கிற எறும்பெல்லாம் நசுங்கும். கொழுப்பு வேண்டாம் என்று நெய் போட்டவர் கொலையில் வந்து நிற்கிறார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பருத்திநூல் கழிவை மெத்தென்று உருட்டி, ஒவ்வொரு எறும்பாக ஒதுக்கிவிட்டார். உள்ளே இருப்பவை வெளியே வர, தரையில் கொஞ்சம் சர்க்கரையைத் தூவி வைத்துக் காத்திருந்தார். பால்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நயினாருக்கு அவர்கள் சிரிப்பு கேட்கவில்லை. ஒரு எறும்பு தன் வாயில் சர்க்கரைத் துணுக்கைக் கவ்விக்கொண்டு வெயிலில் போவதைப் பார்த்தபடி அவர் எங்கேயோ போய்விட்டார். அவருக்கு அந்தச் சுபாவம் உண்டு.

ஆனால் அவர் அப்படிச் சொக்கி உட்கார்ந்திருக்கக் கூடாத காலம் அது. அதற்குக் காரணம் சக்ரேஸ்வரி.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு அடுப்பும் இல்லை, சோறும் இல்லை. ஜைனர் வீடுகளில் அது வழக்கம்தான். அதற்கு மேல் சக்ரேஸ்வரி தனியாக ஒரு நியமம் எடுத்திருந்தாள். போன ஐப்பசி மழையில் நயினார் மதகடியில் வழுக்கி விழுந்து, ராத்திரி முழுக்க வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கையில் கட்டோடு வந்தார். அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்: அடுத்த தீபாவளி, அதாவது மகாவீரர் முக்தியடைந்த நாள் வரைக்கும், சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவேன். அவர் வெளிச்சம் இருக்கும்போது வந்தால் அவளுக்குச் சோறு. வெளிச்சம் போன பின் வந்தால் மறுநாள் சூரியன் வரும்வரை தண்ணீர்கூட இல்லை.

நியமம் எடுத்தபோது வயிற்றில் குழந்தை தங்கும் என்று அவளுக்குத் தெரியாது. இப்போது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்த உடம்பு வயிற்றைக் காயப்போட்டால் தாங்காது, அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். நயினார் வீட்டுக்கு வந்து அவளிடம் கெஞ்சினார். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு என்றார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க வெளிச்சத்துல வந்துடுங்க, நான் சாப்ட்டுடறேன். இதுல இன்னா கஷ்டம்?" என்றாள்.

கிரீஸைத் தொடமாட்டேன் என்று அவர். அவரைப் பார்க்காமல் தொண்டையில் இறங்காது என்று அவள். பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்தார்கள் போலிருக்கிறது. ஐந்து மாதத்துச் சிசு ஒன்று இவர்கள் இருவருடைய தர்மத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடந்தது.

எறும்புக்குக் காத்திருந்த அந்த நாள் மாசி மாதத்தில் வந்தது. காலையில் தாமதமானால் அது நாள் முழுக்கக் கூடவே வரும். முதல் களத்துக்குப் போனபோது ஆட்கள் கூழ் குடிக்கப் போயிருந்தார்கள். இரண்டாவது களத்தில் மூட்டை கட்டி முடிக்கவே வெயில் திரும்பிவிட்டது. பெரணமல்லூரைத் தாண்டி ஆரணி ரோட்டில் வண்டியைத் திருப்பியபோது, சூரியன் எதிரே, சற்று இடப்பக்கமாக, இரண்டு பனை உயரத்தில் நின்றது.

இந்த வேகத்தில் போனால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார் நயினார். கணக்குப் போட்ட கையோடு அதை மறந்தும் போனார். அந்த ரோடு அப்படி. அறுத்த வயல்களில் இருந்து வைக்கோல் மணம் ஈரமாக எழுந்து வந்தது. இரண்டு பக்கப் புளியமரங்களும் தலைக்கு மேல் சேர்ந்துகொண்டு, வெளிச்சத்தைக் காசு காசாக ரோட்டில் கொட்டின. எஞ்சின் ஒரே சீராகப் பாடியது. பெட்ரோல் டேங்கின் மேல் இன்னும் பிறக்காத ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அதன் தலைமயிர் காற்றில் பறந்து அவர் மோவாயில் கூச்சமாகப் பட்டது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கலாம் என்று குனிந்தார்.

எதிரே ஆடு.

ஒன்றல்ல, ஒரு மந்தை. ரோட்டை நிறைத்துக்கொண்டு கிழக்கே இருந்து மேற்கே போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, வண்டியை நிறுத்தினார். எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. கடைசிக் குட்டி தாண்டும் வரைக்கும் பொறுமையாக நின்றார். அப்புறம் லீவரை அழுத்தித் தூக்கி ஓர் உதை விட்டார். வண்டி உடனே கிளம்பிவிட்டது. லீவரை முன்னால் மடக்கினார். அது வெளியே வரவில்லை.

நெய் போய்விட்டிருந்தது. நெய்க்கு அடியில் காய்ந்து கிடந்த விளக்கெண்ணெய்ப் பிசின், புழுதியைச் சேர்த்துக்கொண்டு, அழுத்திய இடத்திலேயே லீவரைக் கவ்விக்கொண்டது. அது வெளியே வராமல் கியர் விழாது. வண்டி மட்டும் இதொன்றும் தெரியாமல் டப்டப்பென்று பாடிக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கனவில் ஓடுகிறவன் கால் நகராதே, அதுபோல.

நயினார் டூல்ஸ் பையை எடுத்தார். போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கழற்றி, பெட்ரோல் குழாயிலிருந்து துணியை நனைத்து, பிசின் போகத் துடைத்து மாட்டினார். வெளியே வந்தது. மனுஷன் கடவுளை வாய்விட்டு வாழ்த்திவிட்டுக் கியரைப் போட்டார். கிர்ரென்று ஒரு சத்தம். பத்தடி நகர்ந்து வண்டி அணைந்துபோனது. மறுபடி உதைக்க அழுத்தினால், உள்ளே போன லீவர் உள்ளேயே நின்றுவிட்டது. பெட்ரோல் பிசினைக் கழுவியதோடு இருந்த வழுவழுப்பையும் கழுவிக்கொண்டு போயிருந்தது. இரும்பும் இரும்பும் பிடிவாதமாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

ஆரணிக்குப் போகிற பஸ் முன்னமே போய்விட்டிருந்தது. நடந்து சேர்கிற தூரமல்ல. சூரியன் இப்போது ஒரு பனை உயரத்துக்கு வந்திருந்தது. நேற்றும் தாமதம், முந்தாநாளும் தாமதம். நேற்று ராத்திரி அவள் சுருண்டு படுத்திருந்ததும், அவர் விசிறியால் வீசிக்கொண்டே உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தன. காலையில் எழுந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்து எறும்புக்குச் சர்க்கரை போட்டார். இந்த நினைப்பு வந்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெரணமல்லூர்ப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவன் பச்சையப்பன், களத்தில் பழக்கமானவன்.

"இன்னா நயினாரே, வண்டி நட்டநடு ரோட்ல கீது?"

நயினார் சொன்னார். சொல்லிக்கொண்டே அவர் கண் வண்டியின் அடியில் தொங்கிய மூங்கில் குழாயில் போய் நின்றது. அச்சுக்குப் போடுகிற மை அதில் இருக்கும். அவருக்குத் தெரிந்து வண்டி மை என்பது வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைப்பது. கடவுளாகப் பார்த்து அனுப்பியதுதான் என்று முகம் மலர்ந்து, உன் மையில் வேறொன்றும் இல்லையே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

பச்சையப்பன் தலையைச் சொறிந்தான். "வெறும் வெளக்கெண்ணன்னா வெயில்ல ஒழுவிப்பூடுதுங்க. ஆட்டுக் கொழுப்பு உருக்கி ஊத்திக் கீறேன். உங்ககிட்டப் பொய் சொல்லி நான் எங்க போவ?"

கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டுவிட்டார். துரைக்கண்ணுவின் டின்னில் கொழுப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தக் குழாயில் நிச்சயமாக இருந்தது. சற்றுமுன் அவர் வண்டியை நிறுத்தி வழிவிட்ட மந்தையின் மணிச்சத்தம் மேற்கே வயல்வெளியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் சூரியனைத் திரும்பிப் பார்த்தார். வெயில் ரோட்டோரத்துக் கல்லையெல்லாம் பொன்னாக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக ஒரு நிழல் விழுந்து, பார்க்கப் பார்க்க நீண்டுகொண்டே போனது. பச்சையப்பனுக்கு அவர் குடும்பத்து வழக்கம் தெரியும். அவன் இறங்கி வந்து குழாயை அவிழ்த்தான்.

"நீங்க தொட வேணாங்க. நான் தடவி உட்டுடறேன். உங்க கை சுத்தமா இருக்கட்டும்."

நல்ல யோசனைதான். பாவம் பச்சையப்பன் கையோடு போய்விடும். அவர் ஏறி உட்கார்ந்து போகலாம். நயினார் அரை நிமிஷம் அதையும் நினைத்துப் பார்த்தார். அப்புறம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடக்கிவிட்டுக்கொண்டார்.

"வேணாம் பச்சையப்பா. சாப்பிட வேண்டியது என் வூட்டுக்காரி. கை என்னுதா இருக்கட்டும்."

லீவரைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாய்க்குள் விரலை விட்டார். கருப்பாக, குளிர்ச்சியாக, கூழ்போல ஏறிவந்தது. மக்கிய ஒரு வாடை அடித்தது. தண்டைச் சுற்றித் தடவினார். லீவரின் உள்வாயில் விரல் போகிற ஆழம் வரை தடவினார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. போல்ட்டை முடுக்கி, லீவரை உள்ளே அழுத்தி விட்டுப்பார்த்தார். சத்தமே இல்லாமல் போனது, சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். எத்தனை எண்ணெய் போட்டும் வராத அந்த வழுக்கல், அந்த மிருது, அவர் உள்ளங்காலில் ஏறி உடம்பெல்லாம் பரவியது. இந்த நேரத்திலும் ஒரு மனுஷனுக்கு இது பிடிக்கிறதே என்று வெட்கம் வந்தது. மூன்றாவது தடவை அழுத்திப் பார்க்காமல் உதைத்துக் கிளப்பினார்.

அப்புறம் ரோடு இருந்தது, சூரியன் இருந்தது, நடுவில் அவர் இருந்தார். மேடு வந்தால் கியரைக் குறைத்தார், இறக்கம் வந்தால் ஏற்றினார். நினைத்த மாத்திரத்தில் லீவர் கேட்டது. சூரியன் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தால் ஆக்சிலேட்டரை முறுக்கினார், அடுத்த இடைவெளியில் தெரிந்தால் பிடியைத் தளர்த்தினார். கமண்டல நாகநதியின் மணல் சிவந்து கிடந்தது. ஆற்றைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது, வீட்டுக் கூரைகளின் மேல் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

சக்ரேஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் சுவரில் சாய்த்துவிட்டு, வந்துட்டேன், வெளிச்சம் இருக்குது, எழுந்திரு, சாப்பிடு என்று மூச்சு வாங்கச் சொன்னார் நயினார்.

அவள் எழவில்லை. "நான் சாப்ட்டேங்க" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள்.

"உள்ள புரண்டுச்சு. இதுக்கு முன்னாடி எதுவும் அந்த மாதிரி புரண்டதே இல்ல. பசிக்குதுன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. நியமம் நான் எடுத்துகினேன், அதுவா எடுத்துகினுச்சு? சோத்தப் போட்டுக்கினு உக்காந்துட்டேன்."

முதலில் நயினாருக்கு ஏமாந்துபோனது போலத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன? இவ்வளவு தூரம், இவ்வளவு வேகம், அந்தக் குழாய், அந்த வாடை, எல்லாம் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி அவள் சொன்னது முழுதாக உள்ளே இறங்கியது. புரண்டது என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறாள். அவள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். இன்னா அது என்று கேட்டாள். அவர் கைகளை முன்னால் கொண்டுவந்தார். மணிக்கட்டு வரைக்கும் கருப்பு. ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டார். ஆட்டுக் கொழுப்பு என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போனது.

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் தொட்டியடிக்குப் போய் சாம்பல் போட்டுத் தேய்த்தார், சீயக்காய் போட்டுத் தேய்த்தார். கருப்பு இன்னும் நன்றாகப் பரவியதுதான் மிச்சம். இந்தக் கையால் சாப்பிட முடியாது; கை சுத்தமாகிறவரைக்கும் சூரியன் காத்திருக்காது. தனக்கு வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்பக்கம் பார்த்துச் சொன்னார். ஒரு ராத்திரி பட்டினி இருப்பது தனக்குத் தகும் என்றும் அவருக்குத் தோன்றியது.

சக்ரேஸ்வரி தட்டோடு வந்தாள். சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசைந்தே கொண்டுவந்திருந்தாள். அவரைப் படியில் உட்காரவைத்து, எதிரே தானும் மெல்ல உட்கார்ந்தாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. புருஷன் பெயரையே சொல்லாதவள், தெருவைப் பார்க்காமல் ஒரு கவளத்தை உருட்டி எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

"இந்தக் கையோட..." என்று ஆரம்பித்தார் அவர்.

"வாயத் தெறங்க. வெளிச்சம் போவுது."

அவர் வாயைத் திறந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்கு ஊட்டியதில்லை. அவர் கருப்புக் கைகள் இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவள் கொடுக்கக் கொடுக்க வாங்கிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அவள் புறங்கையால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள். இந்த ஜன்மத்தில் இவ்வளவு வெட்கமும் இவ்வளவு சந்தோஷமும் ஒரே நேரத்தில் தனக்கு வந்ததில்லை என்று அவருக்குப் பட்டது. எதிர்வீட்டுக் கூரையில் ஒரு நூல் அளவு வெயில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் அவசரமில்லாமல் ஊட்டினாள்.